காந்தம் வைத்த றீல்

தூண்டில் றீலுக்கும் பிறேக் உண்டு என்று சொன்னால் இன்றைக்கும் பலர் சிரிக்கிறார்கள். எங்களுக்கு அது சிரிப்பான விஷயமாக இருக்கவில்லை. சண்டைக் காலம்; வாவியில் தோணி இறக்க ஆமி தடை போட்டிருந்தது. கொடுவா மீன் ஓடும் ஆழமோ கரையிலிருந்து நல்ல தூரம். அவ்வளவு தூரம் வீசும்போது நூல் சுற்றிய உருளை வெறிபிடித்துச் சுழலும். தூண்டில் ஈயம் தண்ணீரில் விழுந்த பிறகும் அது நிற்காவிட்டால் நைலோன் தங்கூசி நூல் தும்புப் பந்தாகச் சிக்கிவிடும். சிக்கியதை வெட்டி எறிய வேண்டியதுதான். தங்கூசி கடைகளில் கிடைக்காத காலம் அது.

கனடாவிலிருந்த அண்ணன் யாரோ வந்தவரிடம் இரண்டு றீல் கொடுத்தனுப்பியிருந்தான். ஒன்றை என் நண்பனுக்குக் கொடுத்தேன். கல்லடியில் சைக்கிள் கடை வைத்திருந்தவன், ஒன்றாம் வகுப்பிலிருந்தே என்னோடு படித்தவன். மச்சான் என்றுதான் ஒருவரையொருவர் கூப்பிடுவோம். விருப்பமானதை எடு என்று நீட்டினேன். காந்தப் பிறேக் உள்ளதை எடுத்துக்கொண்டான்.

அதில் வெளியே ஒரு குமிழ் இருந்தது. எதிர்க்காற்று என்றால் கூட்டலாம், காற்று விழுந்தால் குறைக்கலாம். என்னுடையதில் குமிழ் கிடையாது. பக்க மூடியைக் கழற்றினால் ஆறு ஊசிகள், ஒவ்வொன்றிலும் அரிசி அளவில் ஒரு வெள்ளைத் துண்டு. உருளை வேகமாகச் சுழலும்போது துண்டுகள் வெளியே தள்ளப்பட்டு உரசிப் பிடிக்கும்; வேகம் குறையக் குறைய விட்டுவிடும். முதல் நாளே ஒரு துண்டு நகராமல் அடம்பிடித்தது. பல்லால் கடித்து இழுத்தேன். அதில் என் பல் தடம் விழுந்துவிட்டது.

எது நல்லது என்று மாதக்கணக்கில் வாய்ச்சண்டை போட்டோம். காந்தம் சிக்கவே விடாது, ஆனால் கடைசிவரை பிடித்துக்கொண்டே இருக்கும். என்னுடையது தொடக்கத்தில் பிடித்துவிட்டுப் பிறகு ஈயத்தைத் தன்பாட்டில் போகவிடும். பின்காற்றில் அவனுடையதைவிட இரண்டு தோணி நீளம் கூடப் போகும். நான் அதைச் சொல்லிச் சொல்லியே அவனைக் கடுப்பேற்றினேன். எனக்கும் வாய் சும்மா இருக்காது.

ஒருநாள் எண்ணெய் போட்டுத் தருகிறேன் என்று என் றீலை வாங்கிப் போனான். திரும்பி வந்ததிலிருந்து ஒவ்வொரு வீச்சுக்கும் சிக்கு. ஒரு கிழமைக்குள் பாதி நூலை வெட்டி எறிந்துவிட்டேன். கடைக்குக் கொண்டு போனேன். என் கண் முன்னாலேயே மூடியைத் திறந்து காட்டினான். ஊசிகள் மொட்டையாக இருந்தன.

"தேஞ்சு கொட்டுண்டு போச்சு மச்சான். இதுக்குச் சாமான் கொழும்பிலயும் கிடையாது. நீ என்டதக் கொண்டு போ. நான் இத வெச்சுப் பெருவிரலால அமத்திச் சமாளிக்கிறன்."

கண் கலங்கிவிட்டது எனக்கு. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் அந்தக் கையை முறுக்கியிருக்கலாம் என்று வருகிறது.

மூன்று கிழமை கழித்து, ஒரு காலை, இருவரும் பாலத்தடியில் ஆமியின் சோதனைச் சென்றியைக் கடக்கப் போனோம். புதிதாக வந்த ஆமிக்காரன் ஒருவன் என்னிடமிருந்த காந்த றீலை வாங்கி மேசையில் வைத்தான். அங்கே கிடந்த திருப்புளி நகர்ந்து வந்து அதில் ஒட்டிக்கொண்டது. அவன் முகம் மாறியது. உள்ளே காந்தம் எதற்கு, குண்டு செய்கிறாயா, யார் அனுப்பியது? எனக்குத் தெரிந்த சிங்களத்தில் மீன், மீன் என்றுதான் சொல்ல முடிந்தது. அவன் இரண்டு றீலையும் திறக்கச் சொன்னான்.

நண்பனின் கையிலிருந்த என் பழைய றீல் திறந்தது. ஆறு ஊசியிலும் ஆறு வெள்ளைத் துண்டுகள். ஒன்றில் என் பல் தடம்.

நான் அவனைப் பார்த்தேன். அவன் வாவியைப் பார்த்தான்.

"இது யார்ட?" என்று காந்த றீலைக் காட்டி ஆமிக்காரன் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டான்.

"அது இவர்ட," என்றான் நண்பன். மச்சான் என்றுகூடச் சொல்லவில்லை. அவனை விட்டுவிட்டார்கள்.

என்னை வெயிலில் ஒரு வாங்குப் பலகையில் இருத்தினார்கள். அப்படி இருத்தப்பட்டவர்கள் எல்லாரும் வீடு திரும்பிய காலமல்ல அது. தொடையை அமத்திக்கொண்டு இருந்தேன். பின்னேரம் ஆமிப் பெரியவன் ஒருவன் வந்தான். மீன்பிடி தெரிந்தவன் போல. குமிழைத் திருகிப் பார்த்துச் சிரித்தான். றீலை வைத்துக்கொண்டு என்னை அனுப்பினான்.

வீட்டில் மனைவி அழுது முடித்து, கொடுவாக் குழம்பு வைத்திருந்தாள். பகல் நண்பன் வந்து மீனைக் கொடுத்துவிட்டுப் போனானாம். என் பழைய றீலில் பிடித்த மீன். நான் வாங்கில் இருந்த நேரத்தில் பிடித்தது.

"நல்ல மனிசன்," என்றாள் சோற்றைப் போட்டபடி. "பயப்பிடாதீங்க தங்கச்சி, ரெண்டு மாசத்துக்கு முந்தி என்னையும் அந்தக் காந்தத்துக்காக அர நாள் இருத்தி வெச்சிட்டு விட்டவங்கதானே எண்டு சொன்னார். அதக் கேட்ட மறுகாதான் எனக்கு உசிர் வந்திச்சு."

ரெண்டு மாசத்துக்கு முந்தி. எண்ணெய் போட என் றீலை வாங்கிப் போனதற்கும் முந்தி.

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. கை தன்பாட்டில் சோற்றைப் பிசைந்தது. எல்லாவற்றையும் சாப்பிட்டேன். மறுபடியும் கேட்டு வாங்கினேன். அவன் செய்ததை ஒருநாள் மன்னித்தாலும் மன்னிப்பேன். அந்தக் குழம்பு ருசியாக இருந்ததைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.