அப்பா ரதியாக நின்ற வருஷம்

இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு மலையகத் தோட்டத் தமிழரான எங்களுக்கு ஓட்டுரிமை போயிற்று. நாங்கள் எந்த நாட்டுக்காரர் என்பதே கேள்வியாகிவிட்டது. லிந்துலைத் தோட்டத்திலேயே பிறந்து, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்த அப்பாவும் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டார். வருஷக்கணக்காக இடைவிடாமல் இங்கேயே இருந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். அதில் ஒரு வருஷத்துத் தோட்டப் பேர்ப்பதிவு மழையில் நனைந்து கூழாகியிருந்தது. அந்த ஒரு வருஷத்தால் எங்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று பயந்தேன்.

விசாரணைக்கு நானும் போனேன். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான்தான். சிங்கள அதிகாரி கேட்டதை யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "அந்த வருசம் நீர் எங்கை இருந்தனீர்?"

"அந்த வருசந்தாங்க ஐயா, நான் ரதி" என்றார் அப்பா.

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மாசியில் எங்கள் தோட்டத்தில் மன்மதன் எரிந்து உயிர்த்தெழும் காமன் கூத்து நடக்கும். ரதி வேஷத்தையும் ஆண்தான் கட்டுவார். அதை இங்கே வந்தா சொல்வது? அவரோ மடியிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார். தோட்டத்துத் துரை எடுத்து, பின்னால் தேதி எழுதிக் கொடுத்த படம். அம்மாவின் கூறைச்சீலையில் அப்பா, பூவும் பொட்டுமாக.

"இது பொம்பிளையெல்லோ?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

அப்பா தோள் துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு, மன்மதன் எரிந்ததும் ரதி பாடும் ஒப்பாரியைத் தொடங்கினார். வீட்டில் சிரிப்பதற்கே யோசிக்கிற மனுஷன். அதிகாரி போதும் என்று கையைக் காட்டினார். தொடங்கிய ஒப்பாரியை மன்மதன் உயிர்த்தெழும் முன்னே நிறுத்தினால் தோட்டத்துக்கு ஆகாது. அப்பா நிறுத்தவில்லை. ஓரிடத்தில் குரல் கம்மியது.

வெளியே வரிசையில் நின்ற எங்கள் லயத்தில் அடுத்த வீட்டு அக்கா ஜன்னலில் தலையை நீட்டினார். "அந்த வருசமும் இந்த எடத்துலதாங்க இவருக்குத் தொண்டை கட்டுச்சு."

மொழிபெயர்ப்பாளர் அதையும் சொன்னார். அதிகாரி படத்தையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார், சிரித்தார், எழுதினார். சில மாதங்களில் பிரஜாவுரிமைச் சான்றிதழும் வந்து சேர்ந்தது.

அந்த அக்காவின் மனுவைத் தள்ளிவிட்டார்கள். பல வருஷம் கழித்து இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒப்பந்தமாகி, யார் போவது, யார் இருப்பது என்று பேச்சு வந்தபோது, அவருக்கு இந்தியாவுக்கான விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவள் நான்தான். அவர் பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதினேன். அதில் எழுதுவது எங்கள் பெயர் இல்லை என்று எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?