காதுகுத்து அன்று தூங்கிப்போனவன்

என் தம்பிக்குக் காது குத்தியபோது அவன் போட்ட கூச்சல் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது என்று அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பாள். எனக்கு அந்தக் கூச்சல் ஞாபகமில்லை. அன்று நான் கேட்ட வேறொரு சத்தம்தான் மறக்கவில்லை.

அப்போது எனக்குப் பதினோரு வயது. காதுகுத்தென்றால் தாய்மாமன் மடி வேண்டும். பக்கத்துப் பெருநகர் கிராமத்திலிருந்து மாமா சீர்வரிசைத் தட்டுகளோடு, தன் ஒரே மகனையும் கூட்டிக்கொண்டு, ஒரு குட்டியானை வண்டியில் வந்து இறங்கினார். மாமா மகனுக்குப் பத்தொன்பது வயது. கபடி ஆடுகிறவன். அவன் பாடிக்கொண்டு உள்ளே போனால் எதிரணிக்காரர்கள் பின்வாங்கி நிற்பார்களாம். அந்தப் பெருமையை மாமா எந்த ஊருக்குப் போனாலும் எடுத்துவிடுவார்.

அதற்கு முந்தைய பொங்கல் ஆட்டத்தில் அவனுக்குத் தோள்மூட்டு நழுவியது. டாக்டர் கட்டுப் போட்டு, வலிக்கு மாத்திரை கொடுத்தார். மாத்திரை தீர்ந்தும் வலி தீரவில்லை என்றான். பிறகு வலி தீர்ந்தும் மாத்திரை தீரவில்லை. இந்த இரண்டாவது விஷயம் அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. டாக்டர் சீட்டு இல்லாமலே மாத்திரை வாங்கித் தரக் காஞ்சிபுரத்தில் அவனுக்குச் சிநேகிதர்கள் இருந்தார்கள். நாங்கள் பார்த்ததெல்லாம் எப்போதும் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஒரு பையனைத்தான். வயசுப் பையன் தூங்குகிறான் என்று விட்டுவிட்டோம்.

சாப்பாட்டுப் பந்தி போட்டதும் அவனைக் கூட்டிவர என்னை அனுப்பினார்கள். கொல்லைப்புறத்தில் மோட்டார் கொட்டகைக்குள் மல்லாந்து படுத்திருந்தான். குறட்டை வந்தது. ஆனால் அது எங்கள் அப்பாவின் குறட்டை மாதிரி இல்லை. குழாயில் தண்ணீர் வற்றும்போது கொடகொடவென்று இழுக்குமே, அப்படி ஒரு இழுப்பு. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் ஒரு இழுப்பு. உதடு கருநீலமாக இருந்தது. நாவல்பழம் தின்ற வாய் என்று நினைத்தேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

பந்தியில் பாயச வாளியோடு நின்றிருந்த அக்காவிடம் போய்ப் புகார் சொன்னேன். "அக்கா, மாமா மவன் மட்டும் தனியா நாவப்பயம் துன்னுட்டு தூங்கிக்கினு கீது. எனக்கு ஒண்ணுகூட வெக்கல."

"நாவப்பயமா? இங்க எங்கடி கீது நாவப்பயம்?"

"வாயெல்லாம் நீலமா கீதே. நகம்கூட."

அக்கா வாளியைக் கீழே வைக்கவில்லை, போட்டாள். பாயசம் வழிந்து பெரியவர்களின் இலைக்கடியில் ஓடியது. அவளும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

அக்காவுக்கு அப்போது இருபத்தொரு வயது. டிப்ளமோ முடித்துவிட்டு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்தாள். விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அங்கே ஒருமுறை ரப்பர் பொம்மையைப் படுக்க வைத்து, மூச்சு நின்றவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து அவள் அதைத் தலையணையில் செய்து காட்டியபோது நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அவள் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். பேர் சொல்லிக் கத்தினாள். விரல்முட்டியால் நெஞ்செலும்பில் அழுத்தித் தேய்த்தாள். அவன் முகம்கூடச் சுளிக்கவில்லை. "நூத்தியெட்டுக்கு போன் பண்ணுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் பந்தியே எழுந்து வந்துவிட்டது.

வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். யாரோ ஒருவர், "காலையிலயே சரக்கு போட்டுக்கீறான். வுடுமா, தூங்கி எய்ந்தா சரியாப்பூடும்" என்றார். அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, ஒரு சொம்பு மோரோடு குனிந்தாள்.

"வாயில ஒண்ணும் ஊத்தாத அத்தே! மூச்சுக்குழாயில பூடும்!"

அத்தையை எதிர்த்து எங்கள் குடும்பத்தில் யாரும் பேசியதில்லை. அவள் சொம்போடு அப்படியே நின்றாள். அதற்கடுத்து அக்கா செய்ததைப் பார்த்ததும் சொம்பு கீழே விழுந்தது. அவன் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, அவன் வாயில் வாய் வைத்து ஊதினாள். முறைப்பையன். கல்யாணமாகாத பெண். சுற்றி நின்றது ஊர் மொத்தமும்.

"ஐயையோ, இன்னாடி இது அக்கிரமம்!" என்றாள் அத்தை.

அக்கா காதில் வாங்கவேயில்லை. ஒருமுறை ஊதுவாள், நெஞ்சு எழும்புகிறதா என்று பார்ப்பாள், வாய்க்குள்ளேயே எண்ணுவாள், மறுபடி ஊதுவாள். முகத்தில் பயமே இல்லை. பிறகு என்னிடம், எண்ணிக்கை தப்பிவிடுமோ என்று பயந்துகொண்டேதான் ஊதினேன் என்றாள். எனக்கு அன்று அது தெரியவில்லை. பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்துவிட்ட பிள்ளை மாதிரிதான் தெரிந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அவன் உதட்டில் நீலம் குறைந்தது.

ஆம்புலன்ஸ் வந்ததும் அக்காவும் மாமாவும் ஏறினார்கள். அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் ஏறிவிட்டேன். யாரும் ஏறச் சொல்லவில்லை. இறங்கச் சொல்லவும் ஒருவருக்கும் தோன்றவில்லை. வண்டியில் வந்தவர் அவன் முகத்தில் காற்று ஊதும் ஒரு ரப்பர் பையைப் பொருத்தி அழுத்திக்கொண்டே வந்தார். அக்கா அவன் பேண்ட் பாக்கெட்டில் கைவிட்டு ஒரு காலி மாத்திரை அட்டையை எடுத்தாள்.

"மாமா, இது இன்னா?"

மாமா அதைப் பார்த்தார். பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வெயிலும்மா. வெயில்ல மயங்கிட்டான். ஆஸ்பத்திரியிலயும் அதையே சொல்லு. போலீஸு கேஸுன்னு ஆயிட்டா பையன் வாய்க்கையே பூடும்."

அக்கா அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் இருந்தது இளவயது டாக்டரம்மா. அவன் இமையைத் தூக்கி டார்ச் அடித்தார். கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. "என்ன சாப்பிட்டான்?" என்று கேட்டார்.

"வெயில்ல வந்தான்மா..." என்று ஆரம்பித்தார் மாமா.

"இல்ல டாக்டர்," என்றாள் அக்கா. "இந்த மாத்திர போட்டுக்கீறான். எத்தினின்னு தெரியல. சரக்கும் குடிச்சிக்கீறான். மாமா, நீ கோச்சிக்கினாலும் பரவால்ல. கேஸு வந்தா பாத்துக்கலாம், பையன் பூட்டா இன்னா பண்ணுவ?"

மாமா சுவரில் சாய்ந்தார். டாக்டரம்மா அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு உடனே நர்ஸிடம் ஒரு ஊசி கேட்டார்.

ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் அவன் கண் திறந்தான். அந்த மாதிரி ஒரு கோபத்தை நான் யாரிடமும் பார்த்ததில்லை. உடம்பெல்லாம் வலிக்கிறது என்று கத்தினான், கையிலிருந்த குழாயைப் பிடுங்கப் பார்த்தான், அக்காவைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். காப்பாற்றியவளைத் திட்டுகிறானே என்று எனக்கு அழுகை வந்தது. அக்கா மட்டும், "திட்டு, நல்லா திட்டு. மூச்சு வருதில்ல" என்றாள்.

கொஞ்சம் அடங்கியதும் அவனே சொன்னான். மாத்திரையை விட்டு ஒரு மாதமாகியிருந்தது. காதுகுத்துக்கு வந்து எல்லோர் முகத்திலும் முழிக்க வேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டதாம். பழைய கணக்கிலேயே போட்டுக்கொண்டான். "அதான் ஆபத்து" என்றார் டாக்டரம்மா. "விட்ட பிறகு உடம்பு பழைய அளவைத் தாங்காது. கூடவே குடி வேற. தூக்கம்னு நினைச்சு விட்டிருந்தா எழுந்தே இருக்க மாட்டான்."

அவன் பிழைத்தான். காஞ்சிபுரத்தில் மாதக்கணக்கில் சிகிச்சை நடந்தது. நடுவில் ஒருமுறை சறுக்கினான். அப்போது மாமாவே அவனைக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் உள்ளதைச் சொன்னார். இப்போது நெல் அறுவடை மெஷின் ஓட்டுகிறான். சாயங்காலத்தில் பெருநகர்ப் பையன்களுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிறான். எவனாவது அடிபட்டால், வலி மாத்திரை அட்டை அடிபட்டவனின் அம்மாவிடம்தான் இருக்க வேண்டும் என்பது அவன் அணியின் சட்டம். அத்தை மட்டும், வாயில் வாய் வைத்ததால் அவனுக்கே அக்காவைக் கட்டிவைக்க வேண்டும் என்று ஒரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். "அப்ப அந்த ரப்பர் பொம்மைக்குதான் மொதல்ல தாலி கட்டணும்" என்றாள் அக்கா.

காதுகுத்து நடந்த அன்று சாயங்காலம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் மறுபடி கண்ணயர்ந்தான். மாமா கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தன் பெரிய உள்ளங்கையை அவன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார். டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். எடுக்கவில்லை. அப்பா வந்து கூப்பிட்டார். அசையவில்லை. மகன் மறுபடி திமிறிக்கொண்டு ஓடிவிடக் கூடாதென்று அமுக்கிப் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். இவ்வளவு நடந்த பிறகும் அவருக்குக் கோபம் தீரவில்லையே என்று எனக்கு மாமாமேல் வெறுப்பாகக்கூட இருந்தது.

ஊசியின் வேகம் இறங்கினால் மூச்சு மறுபடி நிற்கலாம், பார்த்துக்கொண்டே இருங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தார் என்பதை அக்கா எனக்குச் சொன்னது ரொம்ப நாள் கழித்துத்தான். மாமாவின் கை அவனை அமுக்கவில்லை. அவன் நெஞ்சோடு சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.