ரூபனின் குரலில் பேசியவன்

பிள்ளைகளே, கவினியின் போனில் இருக்கும் குரல் அவளுடைய அப்பாவின் குரல் அல்ல. அது என்னுடைய குரல்.

சொல்லிவிட்டேன்... எத்தனையோ தடவை எழுதத் தொடங்கி, கடலைப் பற்றியும் மழையைப் பற்றியும் எழுதிவிட்டு, இந்த வரிக்கு வராமலே நிறுத்தியிருக்கிறேன். இன்று இதையே முதலில் எழுதினேன். இனித் திரும்பிப் போக வழியில்லை.

என் மகள் துளசி இதை வாசிப்பாள். அவளுடைய தம்பியும் ஒரு நாள் வாசிப்பான். அவர்களோடு நீங்களும் வாசியுங்கள். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். புத்தகத்தில் வருவதுபோல் எழுத எனக்கு வராது. புத்தி சொல்லும் தகுதியும் இல்லை. ஒரு பெரிய ஆள் ஒரு சின்னப் பிள்ளைக்கு என்ன செய்தான் என்பதை மட்டும் சொல்கிறேன்.

திருகோணமலை உட்துறைமுக வீதியில் எனக்குப் போன் திருத்தும் கடை ஒன்று இருக்கிறது. அதன் பின்னால் ஒரு சின்ன ஒலிப்பதிவு அறை. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அடுக்கும் மட்டைகளை ஒட்டி வைத்திருக்கிறேன். திருவிழா அறிவித்தல், மரண அறிவித்தல், ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போகும் கடை விளம்பரம் எல்லாம் அங்கேதான் பதிவாகும். துறைமுகத்தில் கப்பல் கூவினால் நிறுத்துவோம். கூவி முடிந்தபின் மறுபடி தொடங்குவோம்.

கவினியின் அப்பா ரூபன் என்னோடு படித்தவன். பல நாள் கடலில் தங்கும் பெரிய வள்ளத்தில் தொழில் செய்தான். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே குரல். அவனுடைய மனைவி சுமதிகூட ஒருமுறை போனில் என்னை அவன் என்று நினைத்து, "மீன் கொண்டுவராமல் வீட்டுப் பக்கம் வந்திடாதேங்கோ!" என்று ஏசிவிட்டாள். ஒரேயொரு வித்தியாசம்... என்ஜின் சத்தத்துக்கு மேலாகக் கத்திக் கத்தி அவன் குரல் தடித்திருந்தது. என்னுடையது மெல்லியது.

ஒரு நாள் காலையில் கடைக்கு வந்தான்.

"மச்சான், பிள்ளையின்ர பிறந்தநாளுக்கு நான் நடுக்கடலில நிற்பன். என்ர குரலை ரெக்கோட் பண்ணி வைச்சிரு. அண்டைக்கு நீ கொண்டுபோய்ப் போட்டுக் காட்டு."

"அதுக்கென்ன, வா."

மைக்கின் முன் இருத்தினேன். அவன் எழுந்து கதவைக் காட்டினான்.

"நீ வெளியால நில். உன்ர மூஞ்சையைப் பாத்தா எனக்குச் சிரிப்பு வரும்."

"பட்டனை ஆர் அமத்திறது?"

"எனக்கு வள்ளமே ஓட்ட ஏலுமாம், இதை அமத்த ஏலாதோ? காட்டிட்டுப் போடா!"

காட்டிவிட்டு வெளியே வந்தேன். உள்ளே அவன் பேசுவது முணுமுணுப்பாகக்கூடக் கேட்கவில்லை. தடித்த பலகைக் கதவு தன் வேலையைச் செய்தது. இடையில் ஒரு தடவை அவன் சிரித்தான். பெரிய சிரிப்பு. அது மட்டும் கதவைத் தாண்டி வந்தது.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினான்.

"நீ கேக்கக்கூடாது. அவள்தான் முதல் கேக்கோணும்."

நான் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை! என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகக் காப்பாற்றிய வாக்குகளில் அது ஒன்று. அதுவே பிறகு என் கழுத்தில் கயிறாக விழும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவன் கடலுக்குப் போனபின், நான் வெகுகாலம் ஆசைப்பட்ட ஒரு பொருள் என் கைக்கு வந்தது. வெளிநாட்டில் இருக்கும் மச்சான் முறையான ஒருவர் அனுப்பிவைத்தார்.

அது என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். மைக்கில் பேசும் குரல், கம்பிக்குள் மிக மெல்லிய மின்சாரமாகத்தான் வரும். அதைப் பெரிதாக்க ஒரு பெட்டி வேண்டும். பிரீஅம்ப் என்போம். பழைய காலத்துப் பெட்டிகளுக்குள் வால்வு என்ற கண்ணாடிக் குழாய்கள் இருந்தன. அவை செம்மஞ்சளாய் எரியும், சூடேறும், குரலைக் கொஞ்சம் கெடுத்துத்தான் பெரிதாக்கும். ஆனால் அந்தக் கெடுதலில் ஒரு அழகு உண்டு. குரல் தடிக்கும். பக்கத்துக் கதிரையில் இருந்து பேசுவதுபோல் நெருங்கி வரும்.

அந்தப் பெட்டியை வாங்க எங்களைப் போன்றவர்களால் ஏலாது. அதன் வேலையை அப்படியே கணினிக்குள் செய்துகாட்டும் ஒரு மென்பொருள் உண்டு. அதுதான் எனக்கு வந்தது. திரையில் பெட்டியின் படம் தோன்றும். உள்ளே வரும் ஒலியைக் கூட்டும் குமிழைத் திருகினால், படத்திலுள்ள குழாய்கள் எரியும். பழைய பெட்டியின் இரைச்சலைக்கூட வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளலாம். ஆனால் திரையில் கை வைத்துப் பாருங்கள்... சூடே இராது!

அதை ஏற்றக் கணினியில் இடம் போதவில்லை. பெயர் வைக்காத பதிவுகள் நிறையக் கிடந்தன. எல்லாம் மைக் சரி பார்க்க நான் சும்மா பேசியவை என்று நினைத்தேன். ஒரேயடியாக அழித்தேன்.

ரூபன் தானே பட்டனை அமத்திப் பதிந்ததற்கும் பெயர் இருக்கவில்லை.

அது நினைவுக்கு வந்தபோது மென்பொருள் அந்த இடத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. தெரிந்த வழியெல்லாம் தேடினேன். கிடைக்கவில்லை. பரவாயில்லை, வந்தவுடன் மன்னிப்புக் கேட்டு, இன்னொருமுறை பேசச் சொல்லலாம் என்று மனதை ஆற்றினேன். ஏசுவான், பிறகு சிரிப்பான்...

அவன் வரவில்லை. கடும் காற்றில் வள்ளம் கவிழ்ந்து, அவனை உடலாகத்தான் கொண்டுவந்தார்கள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு அவனுக்குப் பிடித்த நண்டுக் கறியும் படைத்தார்கள். படையலின் முன் கவினி ஒரு வாய் சோறும் தொடாமல் இருந்தாள். சுமதி என்னிடம் வந்தாள்.

"அண்ணை, அவர் உங்களிட்டக் கதைச்சு வைச்சவர் எல்லோ? பிள்ளை அதைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறாள். பிறந்தநாளண்டைக்கு அப்பா கதைப்பார் எண்டு எல்லாருக்கும் சொல்லித் திரியிறாள்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். 'அழித்துவிட்டேன், தங்கச்சி' என்று இரண்டு சொல்! ஏன் சொல்லவில்லை? அவளுக்காகவா? பிள்ளைக்காகவா? இல்லை... ஊர் முன்னால் என் முகம் கறுக்கும் என்ற பயம். அவ்வளவுதான்.

"ஓம், இருக்கு" என்றேன்.

பிறந்தநாளுக்கு முந்தின நாள், மத்தியானம், கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு மைக்கின் முன் இருந்தேன். ரூபன் இருந்த அதே கதிரை. குரலைத் தொண்டையின் அடிக்கு இறக்கி அவனைப்போல் பேசினேன்.

"கவி... அப்பா கதைக்கிறன். நல்லாச் சாப்பிடோணும். நல்லாப் படிக்கோணும். அம்மாவைத் தனிய விட்டிட்டு எங்கயும் போகாதை, என்ன?"

அந்தக் கடைசி வரியை நான் யோசித்துச் சொல்லவில்லை. அப்பாமார் இப்படித்தானே ஏதாவது சொல்வார்கள் என்று வாய்க்கு வந்தது. அப்போது துறைமுகத்தில் ஒரு கப்பல் கூவியது. வழக்கமாக நிறுத்துவேன். அன்று நிறுத்தவில்லை. கூவல் இருந்தால் இன்னும் உண்மையாய் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு அந்த மென்பொருளைத் திறந்தேன். உள்ளே வரும் ஒலியின் குமிழை முழுக்கக் கூட்டினேன். வெளியே போகும் ஒலியின் குமிழைக் குறைத்தேன். குழாய்கள் எரிந்தன. என் மெல்லிய குரல் தடித்தது. கரகரத்தது. உப்புக்காற்று பட்டதுபோல் ஆனது. இரைச்சலையும் போட்டேன். காதில் மாட்டிக் கேட்டபோது... ரூபன் பேசினான்!

மறுநாள் அதைப் போனில் ஏற்றிக் கொண்டுபோய்ப் போட்டேன். கவினி அதைக் கேட்டு முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு சோறு கேட்டாள். சுமதி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிள்ளைகளே, அந்தக் கும்பிடு இன்னும் என் மேல் கிடக்கிறது.

அதன்பின் கவினி எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் வாய் திறப்பதில்லை. துளசி, நீ கேட்பாய், "அப்பா, கவி வந்தா மட்டும் ஏன் ஊமையாகிறியள்?" என்று. இதுதான் காரணம். ஒரு நாள் தவறி, "துளசி, தண்ணி கொண்டா" என்று உரத்துக் கூப்பிட்டுவிட்டேன். விளையாடிக்கொண்டிருந்த கவினி வெடுக்கென்று திரும்பிப் பார்த்தாள். என்னைக் கண்டதும் அவள் முகம் அணைந்தது.

கப்பல் கூவினால் அவள் சொல்வாளாம்: "அப்பா கதைக்கேக்கயும் இப்பிடித்தான் கூவினது."

காலம் போனது. புலமைப்பரிசில் சோதனையில் கவினி நன்றாகச் செய்தாள். யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில், விடுதியோடு இடம் கிடைத்தது. துளசி ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்:

"அப்பா, கவி போகமாட்டாளாம். அம்மாவை விட்டிட்டுப் போகாதை எண்டு அவளின்ர அப்பா சொன்னவராம்."

எடுத்த கவளத்தைத் தட்டில் வைத்தேன். வாய்க்கு வந்த ஒரு வரி! அது இவ்வளவு காலமும் அந்தப் பிள்ளையின் காலில் சங்கிலியாய்க் கிடந்திருக்கிறது.

சில நாளில் சுமதி கடைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அண்ணை, ரீச்சர் வந்து சொல்லியும் கேக்கிறாளில்லை. அதில வேற ஒண்டும் இல்லையோ? நீங்கள் வெட்டி விட்ட துண்டு ஏதும்? படிக்கப் போ எண்டு ஒரு சொல்லு இருந்தாலும் காணும். அவர் சொன்னாத்தான் கேப்பாள்."

"பாக்கிறன்" என்றேன்.

பாருங்கள், மறுபடியும்! எவ்வளவு இலகுவாக வந்தது அந்தச் சொல்...

மறுபடியும் அந்தக் கதிரையில் இருந்தேன். நல்லதுக்குத்தானே, இந்த ஒருமுறை மட்டும்தானே என்று எனக்கு நானே சொன்னேன். "கவி, நீ படிக்கப் போ பிள்ளை. அம்மாவை நான் பாத்துக்கொள்ளுறன்." குழாய்கள் எரிந்தன. போட்டுக் கேட்டேன். முதல் பதிவைவிட நன்றாக இருந்தது.

அப்போதுதான் பயந்தேன். உண்மையான ரூபனின் குரலோடு ஒப்பிட்டுப் பார்க்க, அதை மனதுக்குள் கூப்பிட்டேன். வரவில்லை. கடையில் நின்று "மச்சான்" என்றவன், "காட்டிட்டுப் போடா" என்றவன்... எல்லாமே நான் தடிக்கவைத்த என் குரலில்தான் கேட்டன. பிள்ளையிடமிருந்து மட்டுமல்ல, என்னிடமிருந்தும் அவனை நான் அழித்துவிட்டேன்!

அந்தப் பதிவை அழித்தேன். திருக்கடலூரில் அவர்கள் வீட்டுக்கு நடந்தே போனேன். இருவரையும் இருக்கச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன்.

சுமதி வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நல்லது.

கவினிதான் கேட்டாள். "அப்ப அப்பா என்ன சொன்னவர்?"

"தெரியாது பிள்ளை. நான் வெளியால நிண்டனான்."

"ஒண்டுமே கேக்கேல்லையோ?"

"சிரிச்சவர். அது மட்டும் கேட்டது."

"என்னத்துக்குச் சிரிச்சவர்?"

எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளே, எனக்குத் தெரியவில்லை!

சுமதி எழுந்து கதவடிக்குப் போனாள். "பிள்ளையை அனுப்பிறன், அண்ணை. ஆனா நீங்கள் இனி இந்தப் படி ஏறாதேங்கோ."

கவினி யாழ்ப்பாணம் போனாள். சங்கிலி அறுந்தது என்று நான் சந்தோஷப்பட வேண்டுமா? அதோடு அவளுடைய அப்பாவும் அல்லவா அறுந்து போனார்?

போவதற்கு முன் அவள் தனியாகக் கடைக்கு வந்தாள். எங்கள் ஊரில் வழக்கமாகத் திரியும் மான்கள் வீதியில் நின்றன. அவற்றை விலக்கிக்கொண்டு வந்து, படியில் ஏறாமல் நின்றாள்.

"மாமா, அந்தச் சிரிப்பைச் சிரிச்சுக் காட்டுங்கோ."

திருத்தக் கிடந்த போன் ஒன்றை எடுத்துத் துடைத்தேன்.

"குரல் காட்டத் தெரிஞ்ச உங்களுக்குச் சிரிச்சுக் காட்டத் தெரியாதோ?"

தெரியும். தொண்டைவரை வந்தது. ஆனால் ரூபன் விட்டுப்போனதில் அது ஒன்றுதான் என் மைக்குக்குள்ளும் அந்தப் பொய்க் குழாய்களுக்குள்ளும் போகாமல் மிஞ்சியது. அதையும் நான் தொட்டால்...? வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன். அவள் மான்களை விலக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சிரித்துக் காட்டியிருக்க வேண்டுமோ? அவள் கேட்டது அது ஒன்றுதானே? மறுத்தது நியாயமா, இன்னொரு கொடுமையா?

மென்பொருள் இன்னும் கணினியில் இருக்கிறது, நான் திறப்பதில்லை. இதை எழுதும்போதும் துறைமுகத்தில் கப்பல் கூவுகிறது. அறைக் கதவுக்குப் பின்னால் ரூபன் சிரிக்கிறான். உற்றுக் கேட்கிறேன்... கேட்கக் கேட்க அந்தச் சிரிப்பும் மெல்ல மெல்ல என் குரலாகிக்கொண்டு வருகிறது.