பஷீர் பாய் கொடுத்த நாட் அவுட்

மும்பை செம்பூர் மைதானத்தில் ஆபீஸ் அணிகளின் ஃபைனல். கடைசிப் பந்தில் இரண்டு ரன் வேண்டும். நான் பவுலர் முனையில் அம்பயர். ஸ்கொயர் லெக்கில் பஷீர் பாய். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர், பூர்வீகம் மேலப்பாளையம். ஞாயிறுதோறும் நாங்கள் சேர்ந்தே அம்பயரிங் செய்தோம்.

இரண்டாவது ரன்னுக்கு ஓடிய பேட்ஸ்மேன் பாய்ந்து விழுந்தான். கீப்பர் ஸ்டம்பைத் தட்டினான். பாய் இல்லையென்று தலையை அசைத்தார். நாட் அவுட். மேட்ச் முடிந்தது.

தோற்ற அணியின் கேப்டன் மாட்டுங்காக்காரன், பேங்க் ஆபீசர். மொபைலோடு ஓடிவந்தான்.

"அரே அங்கிள், இதப் பாருங்கோ! க்ளவ் ஸ்டம்ப்ல இருக்கு, பேட் வெளியில இருக்கு. தெரியறதா?"

பாய் குனிந்து பார்த்தார். "நான் கோட்டுக்கு நேரா நின்னு பாத்தேன் தம்பி. இந்தக் கேமரா எங்க நிக்கி? அங்க, பவுலர் பின்னால. அதுல க்ளவ் ஸ்டம்புக்கு முன்னால இருந்தாலும் ஸ்டம்ப்ல பட்ட மாதிரிதான் தெரியும்."

லைவ் ஒளிபரப்புக்காக வைத்திருந்தது அந்த ஒரே கேமராதான். பாய் சொன்னது நியாயம். யாரும் கேட்கவில்லை.

இரவுக்குள் அந்தத் துண்டு வீடியோ எல்லா குரூப்பிலும் ஓடியது. 'விலைபோன அம்பயர்' என்று தலைப்பு. கீழே அவர் மதத்தை இழுத்து எழுதியவர்களும் உண்டு. பை வாங்க வந்த வியாபாரிகள் பட்டறையிலேயே வீடியோவைப் போட்டுக்காட்டிச் சிரித்தார்கள்.

நான் கமிட்டி செக்ரட்டரியிடம் போய் வாதாடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நேக்கும் புரியறது ஓய். ஆனா வீடியோ பாத்தவா அத்தனை பேர்கிட்டயும் போய் யார் விளக்கறது? 'தப்பு நடந்துடுத்து'ன்னு பாயை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லும். அடுத்த வாரமே மேட்ச் தரேன்."

பட்டறைக்குப் போய்ச் சொன்னேன். தையல் மெஷினை நிறுத்தாமலே பாய் கேட்டார்.

"பாத்தத பாக்கலன்னு சொல்லச் சொல்லுதாவளா அண்ணாச்சி?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அப்பம் அந்த மேட்சே வேண்டாம்" என்றார். அதன்பின் அவருக்கு மேட்ச் வரவில்லை.

இந்த சீசனில் கமிட்டி கிரீஸ் கோட்டுக்கு நேராகப் பக்கவாட்டில் இரண்டு கேமராக்கள் வைத்துவிட்டது. 'பழைய கேமராவில் ரன் அவுட் சரியாகத் தெரியாது' என்று செக்ரட்டரியே மைக்கில் சொன்னார். கைதட்டினார்கள். பாயின் பெயரை யாரும் எடுக்கவில்லை. அன்று மாலை அவருக்கு போன் செய்தேன். அவர் மனைவி எடுத்தார். "கிரிக்கெட் பேச்சுன்னா வேண்டாம்னு சொல்லிட்டாவ" என்றார் மெதுவாக.

புதிதாக அம்பயரிங் செய்ய வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சரியான முடிவு கொடுத்தால் போதும் என்று நம்பி வராதீர்கள். சரியான முடிவைக் கொடுத்துவிட்டும் தலைகுனிந்து வீடு திரும்ப வேண்டிவரும். அதைத் தாங்க முடியும் என்றால் அம்பயரின் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொள்ளுங்கள்.