உப்பை விட்ட கோடை

ஜெர்மன்காரனோடு பெரிய சண்டை தொடங்குவதற்கு முந்தின கோடையில் என் கணவருக்குக் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து வெகுநேரம் அப்படியே நிற்கும். திருநெல்வேலியில் சர்க்கார் கச்சேரியில் நாளெல்லாம் உட்கார்ந்து எழுதுகிற வேலை அவருக்கு. சாயந்தரம் பாளையங்கோட்டைக்கு நடந்து வருவதற்குள் செருப்பு வார் காலில் பதிந்துவிடும். வைத்தியர் நாடி பார்த்து, சோகை என்று சொல்லி, செந்தூரம் கொடுத்தார். ஒரு மண்டலம் தேனில் குழைத்துச் சாப்பிட வேண்டும், உப்பும் புளியும் நாக்கில் படக்கூடாது, பத்தியம் முறிந்தால் மருந்தே விஷமாகும் என்று பயமுறுத்தியும் அனுப்பினார்.

அன்று மாலை ஜெபத்தில் நான் ஒரு பொருத்தனை செய்தேன். இவருக்குச் சுகமாகும் வரைக்கும் நானும் உப்பைத் தொடமாட்டேன் என்று கர்த்தரிடம் வாய்விட்டே சொன்னேன். யாரும் கேட்டுச் செய்யவில்லை. கல்யாணமாகி இரண்டு வருஷம், கைப்பிள்ளை ஒன்று, புருஷன் மேல் கொள்ளைப் பிரியம். அவர் வாயைக் கட்டிக்கொண்டு கிடக்கும்போது நான் மட்டும் எப்படிச் சாப்பிடுவது? பக்கத்தில் முழங்காலில் நின்ற அவரும் ஆமென் என்றார்.

உப்பில்லாச் சோற்றைப் பற்றி, தின்று பார்க்காதவர்களிடம் சொல்லிப் பிரயோசனமில்லை. பருப்பு, கீரை, கத்தரிக்காய் எல்லாம் ஒரே மாதிரித் தொண்டையில் இறங்கும். மதியத்துக்கு அவருக்குத் தூக்குவாளியில் வைத்துக் கொடுத்துவிடுவேன். ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு கை வைத்துவிட்டு, "எனக்குப் போதும் பிள்ள. நீ பால் குடுக்குதவ, நீ சாப்பிடு" என்பார். தன் பங்கை எனக்கு விட்டுக்கொடுக்கிறார் என்று நான் உருகிப்போவேன். இதை எழுதும்போதுகூட எனக்கு எரிச்சலாக வருகிறது.

கத்திரி வெயில் காலம். தண்ணீர் சுமப்பது, நெல் குத்துவது, துணி அடிப்பது எல்லாம் நான்தான். மற்றக் கோடைகளில் என் கறுப்பு ரவிக்கையின் முதுகில் வியர்வை காய்ந்து வெள்ளைக் கோடு கட்டும். அந்த வருஷம் கோடு மங்கி மங்கி, பிறகு காணவே இல்லை. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தேன். குடிக்கக் குடிக்கத் தலைதான் கிறங்கியது, தெம்பு வரவில்லை. உலக்கையைப் பிடித்த விரல்கள் பிடித்தபடியே மடங்கிக்கொள்ளும். கெண்டைக்காலில் குரக்குவலி வந்து சதை கல்லாக இறுகும். வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போய்விடுகிறது, வெறும் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உடம்பில் மிஞ்சியிருக்கிற உப்பும் நீர்த்துப்போகும் என்று வெகுகாலம் கழித்து ஒரு டாக்டரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது என் விசுவாசத்தில்தான் ஏதோ குறை என்று நினைத்தேன்.

பிறகு பால் குறைந்தது. பிள்ளை வாய்வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். காலையில் அவர் புறப்படுகிற நேரத்தில் பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"பால் வத்திக்கிட்டே வருது. வயிறு ஒட்டிப்போச்சு பாருங்க" என்றேன்.

அவர் பிள்ளையைப் பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. "வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்குக் கால் வீக்கம் வடிந்திருந்தது, முகத்தில் களையும் ஏறியிருந்தது. மருந்து கேட்கிறது, என் பொருத்தனையும் கேட்கப்பட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

ஒருநாள் பிள்ளைக்கு அழக்கூடத் திராணியில்லாமல் முனகல் மட்டும் வந்தது. என் கணவருடைய அக்காளுக்கு வண்ணார்பேட்டையில் வீடு, ஆடு வளர்த்தாள். கொஞ்சம் ஆட்டுப்பால் கேட்கலாம் என்று பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உச்சி வெயிலில் நடந்தேன். கோயிலில் ஆராதனை முடிந்து வெளியே வரும்போதெல்லாம் அவள் என் கன்னத்தைத் தடவி, "எப்படி எளைச்சுப்போனட்டி! கர்த்தர் ஒன் பொருத்தனையக் கேப்பாரு" என்பாள். அவளிடம் உட்கார்ந்து கொஞ்சம் அழுதுவிட்டு வரலாம் என்றும் எனக்கு ஆசை.

வாசலிலேயே கருவாடு பொரிகிற மணம் வந்தது. கச்சேரியில் இருக்க வேண்டிய என் கணவர் உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தட்டில் சோறு, பொரித்த சாளைக் கருவாடு, ஓரத்தில் மாவடு. முற்றத்தில் என் தூக்குவாளி கவிழ்ந்து கிடந்தது. காலையில் நான் தலைகிறுகிறுக்க வடித்துக் கொடுத்த சோற்றைக் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. அவற்றுக்கும் அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

"ஏட்டி, இந்த வெயிலுக்குள்ள இங்கன எதுக்கு வந்த?" என்றாள் அக்காள். கேட்ட தோரணையில் தப்புச் செய்து பிடிபட்டவள் நான்தான்.

பதில் சொல்வதற்குள் இரண்டு காலிலும் குரக்கு இழுத்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் பிள்ளையை வாங்கிக்கொண்டு, நீராகாரத்தில் கொஞ்சம் உப்பைக் கலக்கிக் கொண்டுவந்து நீட்டினாள். அந்த வீட்டில் பச்சைத்தண்ணீர்கூட வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். உதட்டில் உப்புப் பட்டதும் பொருத்தனையும் போயிற்று, ரோஷமும் போயிற்று. மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, முழங்கைவரை வழிந்ததையும் நக்கினேன். அதைப்போல வெட்கப்பட்டது என் ஆயுளில் இல்லை. கொஞ்ச நேரத்தில் தலைக் கிறக்கம் அடங்கியது. அடங்கியதும் கோபம் வந்தது.

"எத்தனை நாளா நடக்கு?" என்றேன்.

அவர் கை கழுவவில்லை. சாப்பிடவும் இல்லை. "மொத வாரத்துக்கு மேல என்னால முடியலை. நீ ஜெபத்துல சொல்லிட்ட. பெறவு நான் எப்படிச் சொல்ல?"

"நான் கெடக்கேன், விடுங்க. பிள்ளைக்குப் பால் வத்துதுன்னு கொண்டாந்து காட்டுனேனே, அன்னைக்காவது சொல்லியிருக்கலாம்லா?"

அவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "அன்னைக்குச் சொன்னா, அதுவரைக்கும் ஏன் சொல்லலைன்னு கேப்பியே."

"விடுட்டி" என்றாள் அக்காள், பாலாடையில் ஆட்டுப்பாலைப் பிள்ளைக்குப் புகட்டிக்கொண்டே. "ஆம்பளையால எத்தனை நாளைக்கு வாயக் கட்ட முடியும்? அவன் ஒன்னைய உப்பை விடச் சொன்னானா?"

சொல்லவில்லைதான். கருவாட்டையும் நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். முடியவில்லை பிள்ள என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே பொரித்துப் போட்டிருப்பேன், இரண்டு பேருமாகத் தின்றுவிட்டுச் சிரித்திருப்போம். ஆனால் பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டிய அன்று காலையில் அந்த வார்த்தை அவர் வாய்வரை வந்தது. பிள்ளையின் ஒட்டிய வயிற்றைப் பார்த்துக்கொண்டே அதை விழுங்கினார். என்னிடம் தலைகுனிவதைவிட என் பிள்ளை பட்டினி கிடப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. அதை என்னால் தாங்கமுடியவில்லை, அன்றும் சரி, பிறகும் சரி.

வைத்தியருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. தன் பத்தியத்தின் மகிமையை அவர் ஊரெல்லாம் பேசிக்கொண்டு திரிந்தார். நான் வேளாவேளைக்கு உப்புப் போட்டுக் கஞ்சி குடித்தேன். குரக்குவலி நின்றது. சில நாளில் மார்பு கனத்தது. பிள்ளை வாய்வைத்து இழுத்து, முகத்தைத் திருப்பாமல், கண்ணை மூடிக்கொண்டு குடித்தது.

அவர் கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பைய அருகில் வந்து, "பாத்தியா, ஒண்ணும் ஆயிரலை. எல்லாம் திரும்பிட்டுல்லா?" என்றார்.

"பால் திரும்பிட்டு" என்றேன்.