கடுகளவு மாத்திரை காட்டிய வேகம்

ஏரியூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். கரு கலைந்த பிறகு மாதக்கணக்கில் பசியும் தூக்கமும் இல்லாமல் கிடந்த என்னை, கணவர் தர்மபுரியில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார். மருத்துவர் மனச்சோர்வுக்கு ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார்.

முதல் வாரத்திலேயே, பட்டப்பகலில் ரவிக்கைத் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சு தறிகெட்டு அடித்தது. கை நடுங்கி, மூச்சு முட்டியது. செத்துவிடப் போகிறேன் என்றே நினைத்தேன். கணவர் பதறிப்போய் பக்கத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். இ.சி.ஜி.யில் குறை ஒன்றும் இல்லை.

"இந்த மாத்திரையே வேணாங்க, தூக்கிப் போட்டுடறேன்" என்று மனநல மருத்துவரிடம் போனில் அழுதேன்.

"நீங்களா நிறுத்தாதீங்கம்மா. பதட்டத்துக்கும் இதத்தான் குடுக்கறோம். ஆனா ஆரம்பத்துல சிலருக்கு இதுவே பதட்டத்தக் கெளப்பி விட்ரும். அளவக் கொறைச்சு மெதுவா ஏத்தலாம், வாங்க" என்றார்.

பாதி மாத்திரையில் மறுபடி தொடங்கினோம். படபடப்பு மெல்ல அடங்கியது. சில வாரம் கழித்து ஒரு காலையில், கணவர் தாளித்துக்கொண்டிருந்த வாசனை மூக்கில் ஏறியது.

"என்னங்க, பசிக்குதுங்க."

"நெசமாவா?" என்று கரண்டியோடு திரும்பியவரின் கண் கலங்கிவிட்டது.

என்னை அப்படி உலுக்கியதும் பசியைத் திருப்பித் தந்ததும் ஒரே மாத்திரைதானா! இன்றும் அதை உள்ளங்கையில் வைத்து வியந்து பார்த்துவிட்டுத்தான் விழுங்குகிறேன்.

இப்போதெல்லாம் யார் புது மருந்து எழுதினாலும், "ஆரம்பத்துல இது என்ன பண்ணும்ங்க? எப்ப உங்களக் கூப்புடணும்?" என்று கேட்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை.