துண்டு மாதிரி மடித்த சீட்டுகள்

ஒன்பது ஓட்டு வித்தியாசம் என்று அதிகாரி வாய்விட்டுப் படித்தபோது அவருடைய பேனாவின் மூடி ஏற்கெனவே கழன்றிருந்தது. முடிவுப் படிவத்தில் அந்தப் பேனா ஒரு முறை ஓடிவிட்டால் பிறகு கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். ஓடுவதற்கு முன்னால் கேட்டால் அதே மேசையில் மறுபடி எண்ணலாம். வேட்பாளர்களுக்குக் கொடுத்த சின்னக் கையேட்டை அந்த வாரத்தில் மூன்று தடவை படித்திருந்தேன். அந்தத் தைரியத்தில் எழுந்து, "சார், கையெழுத்துப் போட்டுராதீங்க, மறு எண்ணிக்கை கேக்கறோமுங்க" என்றேன். குரல் தேவைக்கு மேலேயே வந்துவிட்டது.

எண்பதுகளின் நடுவில், திருச்செங்கோட்டுக்கும் ராசிபுரத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஊரின் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தல் அது. என் அப்பாவுக்குப் பூட்டுச் சின்னம். எதிரே நின்றவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருந்தவர், விசிறிச் சின்னம். இன்னும் இரண்டு பேர் பெயருக்கு நின்றார்கள். நான் சேலத்தில் பி.எஸ்சி. முடித்துவிட்டு, வேலைக்கு மனுப்போட்டு மனுப்போட்டுச் சலித்து உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் ஏஜெண்டாக இருப்பதைக் கலெக்டர் உத்தியோகம் போல எடுத்துக்கொண்டேன்.

விசிறிக்கு ஏஜெண்ட், அவர்கள் ரிக் வண்டியின் டிரைவர். காலையிலிருந்து பத்து தடவையாவது சட்டைப்பையிலிருந்து சீப்பையும் கைக்கண்ணாடியையும் எடுத்துத் தலை சீவியிருப்பார். இப்போதும் சீவிக்கொண்டே சொன்னார்: "ஒம்பது ஓட்டு தம்பி. ஒம்பது கெரகமும் எங்க பக்கம். திருப்பி எண்ணுனா கெரகம் எடம் மாறிருமா?"

அவர் கேலி எனக்கு உறைக்கவில்லை. பின்னால் பெஞ்சில் இருந்த அப்பா சொன்னதுதான் உறைத்தது. "உக்காரு சாமி. தறித்தெருப் பொட்டியில இருவத்திரண்டு. திருப்பி எண்ணுனாலும் அதே இருவத்திரண்டுதான்."

தறித்தெருவில் விசைத்தறி வைத்துத் துண்டு நெய்பவர் வீட்டுக்குத்தான் என் அக்காவை நிச்சயம் செய்திருந்தோம். நிச்சயத் தாம்பூலம் வந்த வெண்கலத் தட்டு எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது. அவருடைய பங்காளிகளும் தறிக்காரர்களுமாக நாற்பது ஓட்டு நமக்கு என்று அப்பா பூட்டுப் போட்டு வைத்த மாதிரி நம்பியிருந்தார். தறித்தெருப் பெட்டியை எண்ணி முடித்தபோது இருபத்திரண்டு. அப்பா அப்போது வெளியே போய், சைக்கிளில் ஊருக்குக் கிளம்பிய ஒரு பையனிடம், "எங்கூட்டுல அந்தத் தட்டைப் பரண்ல இருந்து எறக்கி வெக்கச் சொல்லு. சாயங்காலம் திருப்பிக் குடுத்துரலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். தட்டைத் திருப்பினால் கல்யாணம் இல்லை. ஓட்டுப் போடாதவன் வீட்டில் பெண் வாழாது என்பது அவர் தீர்ப்பு.

ஆகவே எனக்குத் தலைவர் பதவியைவிட அந்த இருபத்திரண்டு மாறுவதுதான் முக்கியமாக இருந்தது.

அதிகாரி வேறோர் ஒன்றியத்திலிருந்து வந்த விரிவாக்க அலுவலர். கோபக்காரர் இல்லை, களைத்தவர். "எழுதிக் குடுப்பா" என்றார். நான் விறுவிறுவென்று எழுதினேன். 'எண்ணிக்கையில் மோசடி நடந்திருப்பதாகச் சந்தேகிப்பதால்.' அவர் படித்துவிட்டு ஒரு தாளை என் பக்கம் திருப்பினார்.

"தறித்தெரு பூத்துல எத்தன சீட்டுக் குடுத்தாங்கன்னு கணக்கு இது. பொட்டியில எத்தன இருந்துதுன்னு இது. கூட்டிப் பாரு."

கூட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட ஏறவில்லை, ஒன்றுகூட இறங்கவில்லை.

"சீட்டு காணாமப் போகல. வெளியிலருந்து வரவும் இல்ல. அப்ப மோசடின்னு எத வெச்சு எழுதற? சந்தேகம்னா நான் எண்ண முடியாது. நீ என்ன பாத்த, அத எழுது."

காது சுட்டது. கையேட்டில் அந்தக் கணக்குத் தாளைப் பற்றி ஒரு பக்கமே இருந்தது. பரீட்சைக்குப் படித்தவன் போலப் படித்திருந்தேனே தவிர, எதற்கு என்று யோசிக்கவில்லை. திருட்டு இல்லையென்றால் தப்பு எங்கே? ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

வெளியே சைக்கிள்களை நிறுத்தும் இடத்தில் அக்காவின் மாமனாராக வர வேண்டியவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். பெட்டிக் கணக்கு அவர் காதுக்கும் போயிருக்க வேண்டும், உள்ளே வரவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து முகம் துடைத்தார். அப்புறம் ஓரத்தோடு ஓரம் சேர்த்துக் குறுக்கே பாதியாக மடித்து, உள்ளங்கையால் நடுவில் ஓர் அழுத்து அழுத்தித் தோளில் போட்டார்.

நேற்று முன்தினம் பூத்தில் இருந்தவனும் நான்தான். சீட்டைக் கொடுக்கிறபோதே, "மொதல்ல நீளவாக்குல மடிங்க, அப்புறம் குறுக்க மடிங்க" என்று ஓர் ஊழியர் தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். தறித்தெரு ஆட்கள் முத்திரை குத்திவிட்டு, ஈரம் காய்வதற்குள், அசல் இதே மாதிரி மடித்தார்கள். கீழ் ஓரத்தை மேல் ஓரத்தோடு சேர்த்து, நடுவில் ஓர் அழுத்து. நாள் முழுக்கத் துண்டு மடித்துக் கட்டுப் போடுகிற கைகள். சீட்டில் நான்கு சின்னங்கள் மேலிருந்து கீழாக. இரண்டாவது பூட்டு, மூன்றாவது விசிறி. அப்படி மடித்தால் பூட்டும் விசிறியும் முகத்தோடு முகம் ஒட்டும்.

காலையில் ஊழியர் ஒவ்வொரு சீட்டாகக் காட்டி, "ரெண்டு முத்திரை, செல்லாது" என்றபோது, சட்டம் தெரிந்தவன் போல, "ஆமாங்க, செல்லாது" என்று தலையாட்டியதும் நான்தான்.

முதல் தாளைக் கிழித்தேன். மடிப்பைப் பற்றிப் பார்த்ததைப் பார்த்தபடி எழுதி, செல்லாத சீட்டுகளைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அதிகாரி படித்தார். பேனாவை மூடினார்.

தறித்தெருப் பெட்டியின் செல்லாத சீட்டு உறையில் முப்பத்தொன்று இருந்தன. ஐந்து வெறும் சீட்டு. மற்ற இருபத்தாறிலும் பூட்டில் ஒன்று, விசிறியில் ஒன்று.

டிரைவர் எட்டிப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் குத்தியிருக்கறான். ரெண்டு பேரு மேலயும் ஆசையாட்ட இருக்குது."

"ஒண்ணு குத்துனது, இன்னொண்ணு ஒட்டுனதுங்க" என்றேன். "முத்திரையோட கையப் பாருங்க."

அந்த முத்திரைக்கு நான்கு கைகள், நான்கும் ஒரே பக்கமாகச் சுழல்வது போல வளைந்திருக்கும். குத்தியது ஒரு பக்கம் சுழலும், மடிப்பில் ஒட்டியது எதிர்ப்பக்கம் சுழலும். அதிகாரி வெற்றுத்தாளில் முத்திரையை ஒரு தடவை குத்தி வைத்துக்கொண்டு ஒப்பிட்டார். பிறகு டிரைவரைப் பார்த்து, "உங்க கண்ணாடியக் குடுங்க" என்றார்.

டிரைவர் தயங்கி, வேட்டியில் துடைத்துக் கொடுத்தார். மங்கலான முத்திரை கண்ணாடியில் சரியான பக்கம் சுழன்றது. டிரைவரே குனிந்து பார்த்துவிட்டு, "அட ஆமாங்க" என்றார். அதற்குமேல் அவரே அடித்துச் சொல்ல ஆரம்பித்தார். "இது பூட்டு. இதுவும் பூட்டு. இது எங்களுது, தனியா வையுங்க."

பதினாறு பூட்டு, பத்து விசிறி. மற்ற பெட்டிகளின் கட்டுகளையும் பிரித்து எண்ணினார்கள், எதுவும் மாறவில்லை. ஒன்பது மூன்றானது. அப்பா தோற்றார்.

திரும்பி அவர் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். அவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இருவத்திரண்டும் பதினாறும் முப்பத்தெட்டுங்களா சாமி?"

"ஆமாங்கப்பா."

"நாப்பதுக்கு முப்பத்தெட்டு" என்றார். மூச்சை விட்டார். காலையிலிருந்து அவர் சரியாக மூச்சு விட்டது அப்போதுதான் என்று எனக்குத் தோன்றியது. அதிகாரி நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டார். டிரைவரிடம், "உங்க மொதலாளிகிட்டச் சொல்லுங்க, மொதல்ல தறித்தெருவுக்குத் தண்ணிக் கொழாய் போடோணும்னு" என்றார்.

வெளியே சம்பந்தி இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"தோத்துட்டனுங்க" என்றார் அப்பா.

"காத்தாலருந்து ஆரும் எங்கிட்டப் பேசலீங்க. நீங்களும் பேசலீங்க."

"பேசற நெலமையில இல்லீங்க. இப்பப் பேசறேன். உங்க சனத்துக்கு ஒரு சீட்டு மடிக்கத் தெரியலீங்களே."

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் தோள் துண்டை எடுத்து மடிப்பைப் பிரித்துப் பார்த்தார். "தெனமும் ஆயரம் துண்டு மடிக்கறமுங்க. ஈரோட்டுச் சந்தையில ஒருத்தனும் கொறை சொன்னதில்லை."

அப்பா சிரித்தார். இருவரும் டீ குடித்தார்கள். அப்பா கடைக்காரரிடம் பக்கோடா கட்டச் சொன்னார், வழக்கத்துக்கு மாறாக ஒரு கிலோ.

வெயில் சாயும் நேரம் வீட்டுக்குப் போனபோது, பரணிலிருந்து இறக்கிய தட்டு, துணிப்பைக்குள் வாசற்படி ஓரமாகச் சாத்தியிருந்தது. மதியம் அக்கா சாப்பிடவில்லை என்று அம்மா கண்ணாலேயே காட்டினாள். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண் அந்தப் பையை விட்டு நகரவில்லை.

அப்பா பையிலிருந்து தட்டை எடுத்தார். மேல்துண்டால் தூசியைத் துடைத்தார். பக்கோடாப் பொட்டலத்தை அதில் பிரித்துக் கொட்டி, "மூணு ஓட்டுல போச்சு கண்ணு. வா, வந்து தின்னு" என்று அக்காவிடம் நீட்டினார்.